டிஸ்க் விலகிய டாஷ்ஹண்ட்: மிருக வைத்தியர் பதில்கள்

இம்மாதம் திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்களில் பல, டாஷ்ஹண்ட் நாய்களின் முள்ளந்தண்டில் டிஸ்க் விலகுவதைப் பற்றியவை. ஒருவருக்கு எழுதும் பதில் மற்றவருக்கும் உதவும் என்பதால், இப்பகுதி முழுவதையும் அந்த நோய்க்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் டாஷ்ஹண்டுக்கு ஐந்து வயது. செற்றியிலிருந்து குதித்த மறுநாள் முதுகை வளைத்துக்கொண்டு நடுங்கியது. தூக்கினால் கத்தியது, பின்னங்கால்கள் தள்ளாடின. டிஸ்க் விலகியிருக்கிறது என்று கூறிய வைத்தியர், மருந்து தந்து, ஆறு கிழமைகளுக்குக் கூட்டுக்குள் வைத்திருக்கச் சொன்னார். மூன்றே நாளில் நோவு போய்விட்டது. இப்போது வெளியே விடும்படி அழுகிறது. வீட்டில் உள்ளவர்களும் திறந்துவிடச் சொல்கிறார்கள். நன்றாக நடக்கிற பிராணியை அடைத்துவைப்பது பாவமில்லையா?
(வாசகி, உவர்மலை)

பதில்: தயவுசெய்து திறந்துவிடாதீர்கள். உங்கள் வைத்தியர் சொன்ன எல்லாவற்றிலும் முக்கியமானது அந்தக் கூடுதான். மாத்திரைகள் அதற்கு அடுத்த இடத்திலேயே வருகின்றன. ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனெனில் காரணம் விளங்கினால்தான் ஆறு கிழமை அந்த அழுகையைத் தாங்க உங்களுக்கும் வீட்டாருக்கும் மனம் வரும்.

நாயின் கழுத்தில் 7, நெஞ்சுப் பகுதியில் 13, இடுப்புப் பகுதியில் 7 என்று முள்ளெலும்புகள் அடுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையிலான இணைப்பைத் தவிர மற்ற ஒவ்வோர் இணைப்பிலும் ஒரு டிஸ்க் இருக்கிறது. அதன் வெளிப்புறம் உறுதியான நார்வளையம். உட்புறம் நீர் நிறைந்த கூழ். சாதாரண நாயில் அந்தக் கூழ் நெடுங்காலம் இளநுங்கைப் போல நெகிழ்வாக இருந்து அதிர்ச்சியைத் தாங்குகிறது. டாஷ்ஹண்டில் அது ஒரு வயது நிறையும் முன்பே உலரத் தொடங்கி, முற்றிப்போன நுங்கைப் போல இறுகி, பின்னர் அதில் கல்சியமும் படிகிறது. எப்.ஜி.எப்.4 என்னும் மரபணுவின் மேலதிகப் பிரதியொன்று 12ஆம் நிறமூர்த்தத்தில் இருப்பதே இதற்குக் காரணம் என்று 2017இல் கலிபோர்னியா ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதே பிரதிதான் கால்கள் குட்டையாவதற்கும் பங்களிக்கிறது. ஆகவே இந்த இனத்தின் அழகும் அதன் நோயும் ஒரே வேரிலிருந்து வருகின்றன. செற்றியிலிருந்து குதித்தது கடைசித் தூண்டுதலாக இருந்திருக்கலாம். ஆனால் டிஸ்க் அதற்குப் பல வருடங்களுக்கு முன்பே பழுதடையத் தொடங்கிவிட்டது. வீட்டில் யாரையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

இறுகிய கூழ் நார்வளையத்தைக் கிழித்துக்கொண்டு மேலே வந்து, நேர் மேலே ஓடும் முண்ணாணை இடிக்கிறது. அங்கேயே கிடந்து நெருக்கவும் செய்கிறது. கடைசி விலா எலும்புகள் முடிந்து இடுப்பு தொடங்கும் இடத்தில்தான் இது மிக அதிகமாக நேர்கிறது. அதற்கு முற்பட்ட நெஞ்சுப் பகுதியில், இருபுறத்து விலா எலும்புகளையும் இணைக்கும் ஒரு தசைநார் டிஸ்குக்கு மேலாகச் சென்று காவல் செய்வதால் அங்கே குறைவு. மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் இடையில்தான் பெரும்பாலான டாஷ்ஹண்டுகள் பாதிக்கப்படுகின்றன. ஏறத்தாழ நான்கில் ஒன்றோ ஐந்தில் ஒன்றோ வாழ்நாளில் ஒரு முறையேனும் இந்த நோயைக் காண்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கொடுக்கும் மருந்து வீக்கத்தையும் நோவையும் குறைக்கிறது; விலகிய கூழை அது பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்புவதில்லை, கிழிந்த வளையத்தைத் தைப்பதுமில்லை. அந்த வளையத்துக்கு இரத்த ஓட்டம் மிகவும் குறைவு என்பதால், கிழிசல் தழும்பாகி மூடுவதற்குக் கிழமைகள் எடுக்கும். ஆறாத காயம், நோவு தெரியாத நாய்: இவை இரண்டும் சேர்ந்த மூன்றாம் நான்காம் நாள்தான் மிக ஆபத்தானது. அன்று அது ஒரு பாய்ச்சல் பாய்ந்தால், எஞ்சிய கூழும் வெளியே வந்து, தள்ளாடிய கால்கள் முற்றாக விழுந்துவிடக்கூடும். குறைந்தது நான்கு கிழமை முழு அடைப்பு என்பதே இன்று பெரும்பாலான வைத்தியர்கள் ஏற்றுக்கொண்ட அளவு. உங்கள் வைத்தியர் ஆறு என்று சொன்னால் ஆறாகவே வைத்திருங்கள்.

அடைப்பு என்றால் ஓர் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்துவது அல்ல. நாய் எழுந்து நிற்க, திரும்ப, கால்களை நீட்டிப் படுக்க இடம் இருக்க வேண்டும். ஓடவோ தாவவோ இடம் இருக்கக் கூடாது. அதற்கென விற்கும் கம்பிக் கூடு கிடைக்காவிட்டால், குழந்தைகளின் மரத்தொட்டிலின் கம்பிப் பக்கங்களைத் தரையில் நிறுத்திக் கட்டினாலும் போதும். அடியில் வழுக்காத ரப்பர் விரிப்பும் அதன்மேல் தடித்த துணியும் போடுங்கள். கூட்டை அறை மூலையில் ஒதுக்காமல், வீட்டார் நடமாடும் விறாந்தையிலோ முன்மண்டபத்திலோ வையுங்கள். தனிமைதான் அந்த அழுகையின் பாதிக் காரணம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நமது பக்கத்து வெப்பம் அடைபட்ட பிராணிக்குத் தாங்க முடியாதது. ஆகவே மின்விசிறியும் எந்நேரமும் தண்ணீரும் அவசியம்.

சிறுநீர் மலத்துக்கு மட்டும் நாளில் நான்கைந்து தடவை தூக்கிக்கொண்டு போங்கள். ஒரு கை நெஞ்சுக்கு அடியிலும் மறு கை பின்பகுதிக்கு அடியிலும் இருக்க, முதுகு தரைக்குச் சமாந்தரமாக இருக்கட்டும். முன் கைகளுக்கடியில் பிடித்துக் குழந்தையைப் போலத் தூக்குவதை இனி வாழ்நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். கழுத்துப் பட்டிக்குப் பதிலாக நெஞ்சுவார் போட்டு, குறுகிய கயிற்றில் சில நிமிடம் நிறுத்தி, மறுபடி கூட்டுக்குள் விடுங்கள். அப்படியும் அமைதியின்றிக் கூட்டைப் பிறாண்டினால் வைத்தியரிடம் சொல்லுங்கள். கபபென்டின், ட்ரசடோன் போன்ற மருந்துகளால் அமைதிப்படுத்த முடியும். அது நாயின் எடையைப் பார்த்து அவர் எழுத வேண்டியது. மனிதருக்கான கபபென்டின் பாணிகள் சிலவற்றில் நாய்க்கு நஞ்சான சைலிட்டோல் என்னும் இனிப்பூட்டி கலந்திருக்கும்.

வீட்டிலுள்ள பனடோல், பார்மசியில் வாங்கும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் எதையும் கொடுக்காதீர்கள். ஸ்டீரொய்ட் ஒன்றும் மெலொக்சிகம் போன்ற வலிநிவாரணி ஒன்றும் ஒரே காலத்தில் உள்ளே போனால் இரைப்பை புண்ணாகித் துளை விழும் அளவுக்குப் போகலாம். ஆகவே இன்னொரு வைத்தியரிடம் போனால் முதலில் எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்பதை மறைக்காமல் காட்டுங்கள்.

தினமும் ஒரு சோதனை செய்யலாம். நாயைத் தாங்கி நிறுத்தி, பின்னங்காலின் பாதத்தைப் புரட்டி, மேற்புறம் தரையில் படும்படி வையுங்கள். முண்ணாண் நன்றாக இருந்தால் உடனே திருப்பி வைக்கும். தாமதித்தாலோ அப்படியே விட்டுவிட்டாலோ நிலைமை மோசமாகிறது என்று கொண்டு அன்றே வைத்தியரிடம் போங்கள். நடக்கக்கூடிய நிலையில் இப்படிக் கண்டிப்பாக அடைத்துவைக்கப்பட்ட நாய்களில் ஏறத்தாழப் பத்தில் எட்டு, சத்திரசிகிச்சை இல்லாமலே தேறுகின்றன. அந்த எட்டில் ஒன்றாக உங்கள் நாயும் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இது பாவமில்லை, அம்மா.

கேள்வி: நேற்றிரவு வரை தள்ளாடி நடந்த எங்கள் நாய், இன்று காலை பின்பகுதியை இழுத்துக்கொண்டு ஊர்கிறது. விரலைக் கிள்ளினால் காலை இழுக்கிறது. ஆகவே உணர்ச்சி இருக்கிறது என்று நினைக்கிறோம். முறிவு நெரிவு வைத்தியரிடம் எண்ணெய் வாங்கி உருவலாம் என்கிறார்கள் உறவினர்கள். பேராதனைக்குக் கொண்டுபோவதில் பயன் உண்டா?
(வாசகர், சாம்பல்தீவு)

பதில்: இதழ் அச்சாகும் வரை காத்திருக்கக்கூடிய கேள்வி அல்ல என்பதால், கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் இவருக்குப் பதில் சொல்லிவிட்டேன். இதே நிலை நாளை இன்னொரு வீட்டில் வரும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

கிள்ளியதும் கால் இழுபடுவதை உணர்ச்சி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்த அசைவு முண்ணாணின் கீழ்ப்பகுதியே தானாகச் செய்வது. மூளைக்குச் செய்தி போகாமலே அது நடக்கும். நாய் திரும்பிப் பார்க்கிறதா, கத்துகிறதா, கடிக்க வருகிறதா என்பதே கேள்வி. விரலெலும்பை அழுத்தும்போது ஏற்படும் அந்த ஆழமான நோவை அறியும் நரம்பு வழிதான் கடைசியாக அழிவது. அது இருக்கிறதா இல்லையா என்பதில்தான் இந்த நோயின் முடிவு பெருமளவு தங்கியிருக்கிறது. கால்கள் முற்றாக விழுந்தும் ஆழ்நோவு எஞ்சியிருக்கும் நாய்களில், சத்திரசிகிச்சை செய்யப்பட்டவற்றில் பத்தில் ஒன்பது மறுபடி நடக்கின்றன. ஆழ்நோவும் போய்விட்டால் அது பத்தில் ஆறு அளவுக்கு இறங்குகிறது. சத்திரசிகிச்சையும் இல்லையென்றால் மிகச் சிலவே நடக்கின்றன. முதல் நிலையிலிருந்து இரண்டாவது நிலைக்குச் சில மணித்தியாலங்களிலேயே போய்விடலாம் என்பதால், "நாளைக்குப் பார்ப்போம்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை.

எண்ணெய் போட்டு உருவுவதும் இழுத்துவிடுவதும் வேண்டாம். முறிவு நெரிவு வைத்தியர்களின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் இங்கே எலும்பு முறியவுமில்லை, மூட்டு விலகவுமில்லை. உடைந்த டிஸ்க் முண்ணாணின்மேல் கிடக்கும்போது முதுகை அழுத்தினால் கூழ் இன்னும் உள்ளேதான் தள்ளப்படும்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்துக்குப் போதனா வைத்தியசாலை ஒன்று உண்டு. உங்கள் ஊர் வைத்தியரிடம் பரிசோதனை முடிவுகளை எழுதிய கடிதம் பெற்று, அவரையே முன்கூட்டி அழைத்துப் பேசச் சொல்லுங்கள். அன்று அங்கே சத்திரசிகிச்சை செய்ய முடியுமா, இல்லையென்றால் கொழும்பில் எங்கே போகலாம் என்று தெரிந்துகொண்டு புறப்படுவது, கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை வழியாகப் பல மணித்தியாலம் போய்ச் சேர்ந்தபின் கேட்பதைவிட நல்லது. நாயைத் தட்டையான பலகையில் படுக்கவைத்து, துணியால் இரண்டு இடத்தில் தளர்வாகக் கட்டிக்கொண்டு போங்கள். புறப்படும் முன் சிறுநீர்ப்பையை வைத்தியர் காலியாக்கிவிடட்டும். உணவு கொடுக்கலாமா என்றும் அவரிடமே கேளுங்கள், மயக்கமருந்து தேவைப்படலாம்.

இங்கே எடுத்த எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை என்று யாராவது சொன்னால் மனம் தளர வேண்டாம். சாதாரண எக்ஸ்ரேயில் முண்ணாண் தெரிவதில்லை. சாயமருந்து ஏற்றிய படமோ, சீ.ரீ. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கானோதான் எந்த இடத்தில் நெருக்குகிறது என்பதைக் காட்டும். பின்னர் முள்ளெலும்பின் ஒரு பக்கச் சுவரில் சிறு சாளரம் திறந்து, கூழை எடுத்துவிடுவார்கள்.

பணத்தாலோ தூரத்தாலோ இது முடியவே முடியாது என்றால், ஆழ்நோவு இருக்கும் நாய்க்கு அப்போதும் வாய்ப்பு உண்டு. கண்டிப்பான அடைப்போடும் நல்ல பராமரிப்போடும் அத்தகைய நாய்களில் பாதிக்கு மேற்பட்டவை நடக்கின்றன, நாட்கள்தான் கூட எடுக்கும். ஆழ்நோவை இழந்த நாயை மட்டும் முதல் ஒரு கிழமைக்கு மிகக் கவனமாகப் பாருங்கள். அவற்றில் சிலவற்றுக்கு முண்ணாண் உருகும் நிலை உண்டாகி, தளர்ச்சி வயிற்றுக்கும் முன்கால்களுக்கும் ஏறி, மூச்சுத் திணறலில் முடியும். அதற்கு மருந்தில்லை, அப்படி உறுதியானால், வேதனை நீளாமல் வைத்தியரின் கையால் அமைதியாகப் போகவிடுவதே அந்தப் பிராணிக்குச் செய்யக்கூடிய நன்மை.

கேள்வி: சத்திரசிகிச்சை முடிந்து பத்து நாளாகிறது. கால்கள் இன்னும் அசையவில்லை. சிறுநீரைக் கையால் அழுத்தி எடுக்கச் சொன்னார்கள். ஆனால் படுக்கை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கிறது, தானாகப் போகிறது போலும். அப்படியிருக்க அழுத்த வேண்டுமா? கடலில் நீந்தவிட்டால் கால் விரைவில் வருமா?
(வாசகர், நிலாவெளி)

பதில்: அழுத்தத்தான் வேண்டும். நீங்கள் காண்பது பெரும்பாலும் நிரம்பி வழிவது. உள்ளே பை இறுகி நிறைந்திருக்க, மிகுதி மட்டும் கசிகிறது. அப்படியே விட்டால் பையின் தசை விரிந்து வலுவிழக்கும், கிருமி பெருகும், கால்கள் தேறினாலும் சிறுநீர் தேறாமல் போகலாம். நாளில் மூன்று நான்கு தடவை, இடைவெளி எட்டு மணித்தியாலத்தைத் தாண்டாமல் எடுங்கள். நாயை நிறுத்தியோ பக்கவாட்டில் கிடத்தியோ, பின் தொடைகளுக்குச் சற்று முன்னால் வயிற்றின் இரு பக்கமும் விரல்களைத் தட்டையாக வைத்தால், நீர் நிறைந்த உருண்டை ஒன்று கைக்குள் அகப்படும். அதைக் குத்தாமல், திடீரென்று நெரிக்காமல், ஒரே சீராக வால் பக்கம் நோக்கி அழுத்திக்கொண்டிருக்க வேண்டும். சில விநாடிகளில் இறுக்கம் விட்டு நீர் வரும். இதை எழுத்தில் படித்துப் பழக முடியாது. வைத்தியரின் கைமேல் உங்கள் கையை வைத்து ஒரு முறை கற்றுக்கொள்ளுங்கள். பை கல்லைப் போல இறுகி வர மறுத்தால் மேலும் பலம் போடாமல், அதைத் தளர்த்தும் மருந்து கேளுங்கள். நீர் கலங்கினாலும், நாற்றம் கூடினாலும், இரத்தம் கண்டாலும் அன்றே பரிசோதிக்க வேண்டும்.

படுக்கை ஈரம் தோலைப் புண்ணாக்கும். ஒவ்வொரு முறையும் வெதுவெதுப்பான நீரில் துடைத்து உலர்த்துங்கள். நான்கு மணித்தியாலத்துக்கு ஒரு முறை பக்கம் மாற்றிக் கிடத்துங்கள். இடுப்பெலும்பும் முழங்காலும் தரையில் படும் இடங்களில் தோல் சிவந்தால் அங்கே படுக்கைப்புண் வரப்போகிறது என்று பொருள்.

பயிற்சியை உங்கள் சத்திரசிகிச்சை வைத்தியர் அனுமதித்த பின்னர் தொடங்குங்கள். பக்கவாட்டில் கிடத்தி, ஒவ்வொரு பின்னங்காலையும் சைக்கிள் மிதிப்பது போன்ற வட்டத்தில் மெல்ல மடக்கி நீட்டுங்கள். பத்துப் பதினைந்து தடவை போதும். நாளில் மூன்று வேளை செய்யலாம். விரல்களுக்கிடையில் கூச்சங்காட்டி, அது காலை இழுக்கும்போது சற்றுத் தடைகொடுத்தால் தசை வேலை செய்யும். பழைய சாரம் ஒன்றை நீளமாக மடித்து வயிற்றின் கீழ் கொடுத்துப் பின்பகுதியைத் தாங்கிக்கொண்டு, பாதங்கள் சரியாகத் தரையில் பதியும்படி ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் என்று நிற்கவையுங்கள். உணவுக் கிண்ணத்தை முன்னால் வைத்தால் நிற்கும் நேரம் தானே கூடும். பெரும்பாலும் ஆழ்நோவும் வால் அசைவும் முதலில் திரும்பும்; காலின் சிறு துடிப்பு, எழ முயல்வது, தள்ளாடிய நடை ஆகியவை பின்னால் வரும். பெயரைச் சொல்லி அழைக்கும்போது வால் அசைந்தால், அந்த நாளைக் குறித்துவைத்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நீரில் செய்யும் பயிற்சி உண்மையாகவே நல்லது, ஏனெனில் எடையை நீர் தாங்கிக்கொள்ள, கால்கள் அசையக் கற்றுக்கொள்கின்றன. ஆனால் இப்போதைக்குக் கடல் வேண்டாம். தையல் முழுதாக ஆறும் முன் நனையக் கூடாது. ஆறிய பிறகும், அலை புரட்டினால் முதுகு முறுகும், உப்புநீர் விழுங்கினால் வயிற்றோட்டம் வரும். நெஞ்சளவு நீர் கொள்ளும் பெரிய தொட்டியில் வெதுவெதுப்பான நீர் நிரப்பி, நீங்கள் இரு கைகளாலும் தாங்கியிருக்க, ஐந்து நிமிடத்திலிருந்து தொடங்குங்கள். நன்றாக நடக்கத் தொடங்கியபின், சித்திரைக்கும் புரட்டாதிக்கும் இடையில் நிலாவெளிக் கடல் குளம்போல அமைதியாகக் கிடக்கும் காலையொன்றில், மிதவைச் சட்டையுடன் கொண்டுபோகலாம்.

கேள்வி: கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளிக்கவைத்தால் நரம்பு திரும்புமா?
(வாசகி, திருகோணமலை நகர்)

பதில்: வெந்நீர் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும், நரம்பைத் திருப்புவதில்லை. அந்த ஏழு கிணறுகளும் மக்கள் தம் முன்னோருக்குக் கடன் செய்யும் இடம் என்பதால் நாயைக் கொண்டுபோவது முறையுமல்ல. வாளியால் அள்ளி ஊற்றுவதை வீட்டிலேயே செய்யலாம். உங்கள் முழங்கை தாங்கும் சூட்டுக்கு மேல் வேண்டாம், உணர்ச்சி குறைந்த தோல் சுட்டாலும் நாய் சொல்லாது.

கேள்வி: இரண்டரை மாதமாகிறது, நடக்கவில்லை. சத்திரசிகிச்சை செய்ய வசதி இருக்கவில்லை. நன்றாகச் சாப்பிடுகிறது, என்னைக் கண்டால் குரைக்கிறது. அயலவர்கள் ஊசி போட்டுவிடச் சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை.
(வாசகர், தம்பலகாமம்)

பதில்: உங்கள் மனம் சொல்வது சரி என்றே நினைக்கிறேன், ஐயா. சாப்பிடுகிற, குரைத்து வரவேற்கிற, நோவில்லாத நாய் வாழ விரும்புகிற நாய். ஆழ்நோவு இருந்தால் இன்னும் சில மாதங்கள் முன்னேற்றத்தை எதிர்பார்க்கலாம். அது இல்லாத நாய்களிலும் சில, மூளையின் கட்டளையின்றி முண்ணாணின் அனிச்சையாலேயே தள்ளாடி நடக்கப் பழகுகின்றன. அதற்கு மாதக்கணக்கான பயிற்சி வேண்டும். அதுவும் வராவிட்டால் சில்லுவண்டி இருக்கிறது. பிவிசி குழாயும் இரண்டு சிறிய சில்லுகளும் துணிப்பட்டியும் கொண்டு ஊரிலேயே செய்துவிடலாம். முதுகு வளையாமல் நேராக இருக்கும் உயரத்தில் பட்டியை அமையுங்கள், வண்டியில் ஒரு நேரத்துக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் விடாதீர்கள், வண்டியோடு உறங்கவிடாதீர்கள். இழுபடும் பாதங்களுக்குக் குழந்தைக் காலுறை போடுங்கள்.

ஆனால் சிறுநீர் எடுக்கும் வேலை நாள்தோறும், வருடக்கணக்கில் உங்களுடையதாக இருக்கும். அதைப் பகிர்ந்துகொள்ள வீட்டில் இன்னொருவர் கற்றுக்கொள்வது அவசியம், உங்களுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதற்குச் சிறுநீர் எடுக்க வேண்டுமல்லவா. புண்களும் கிருமித்தொற்றும் மாறி மாறி வந்து, அது சாப்பாட்டையும் உங்களையும் வெறுக்கத் தொடங்கினால் அப்போது வைத்தியரிடம் மறுபடி பேசுங்கள். அயலவர் சொல்லும் நாள் அதற்குரிய நாள் அல்ல.

கேள்வி: எட்டு மாத டாஷ்ஹண்ட் குட்டி வளர்க்கிறோம். இந்த நோய் வராமல் தடுக்க முடியுமா?
(வாசகி, உப்புவெளி)

பதில்: பிறப்பிலேயே உள்ளதை மாற்ற முடியாது, ஆபத்தைக் குறைக்கலாம். முதலாவது எடை. விலா எலும்புகள் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் தடவினால் கைக்குத் தெரிய வேண்டும். சோற்றையும் பாணையும் குறைத்து, மீனையும் முட்டையையும் அவித்த பூசணியையும் கூட்டுங்கள். டைல்ஸ் தரையில் அது ஓடும் வழியெல்லாம் ரப்பர் விரிப்போ தும்புத் தடுக்கோ போடுங்கள். கட்டிலுக்கும் செற்றிக்கும் சாய்பலகை வையுங்கள், படிக்கட்டை அடையுங்கள், கழுத்துப் பட்டியை நெஞ்சுவாராக மாற்றுங்கள். கோட்டைப் பக்கம் நடத்திக்கொண்டு போகிறவர்கள் கயிற்றைக் கையில் குறுக்கிப் பிடிக்க வேண்டும். மான்களைக் கண்டதும் இந்த இனம் முழு வேகத்தில் பாய்ந்து, கயிறு தீர்ந்ததும் முறுகி விழும். பயந்து நடையையே நிறுத்திவிடாதீர்கள். தினமும் சமதரையில் நிதானமாக நடக்கும் நாயின் முதுகுத் தசைதான் முள்ளந்தண்டைத் தாங்கிப் பிடிக்கிறது.

குட்டி எடுக்க நினைத்தால், தாய்க்கோ தந்தைக்கோ டிஸ்க் நோய் வந்திருக்கிறதா என்று விசாரித்து, வந்திருந்தால் இணைசேர்க்காதீர்கள். நோர்வே, டென்மார்க், பின்லாந்து போன்ற நாடுகளில் இரண்டு வயதுக்கு மேல் முதுகை எக்ஸ்ரே எடுத்து, எத்தனை டிஸ்கில் கல்சியம் படிந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் இனப்பெருக்கத்துக்குத் தெரிவு செய்கிறார்கள். உங்கள் குட்டிக்கும் அந்த வயது வரும்போது அந்தப் படத்தை எடுத்துப் பார்க்கும்படி உங்கள் வைத்தியரிடம் கேட்கலாம்.